உச்சிவெயிலும் ஒரு பித்தளை பாய்லரும்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கொல்லைப்புறத்தில் ஒரு பாய்லரை வைத்துவிட்டு, அது பாய்லர் இல்லை என்று சொன்னால் மனுஷன் என்னதான் செய்வான்? இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் போதும். என் மனைவி சின்னத்தாய் காபியை நீட்டிக்கொண்டே, "இவுகதான் வயர்லெஸ்ல வெந்நி வச்ச ஆளு" என்று ஆரம்பித்துவிடுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் அது. மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். நாகமலை புதுக்கோட்டையில், யுனிவர்சிட்டி ஆபீஸில் எனக்குக் கிளார்க் உத்தியோகம், பெயர் நல்லகாமன். கீழ் வீட்டில் பத்ரிநாத்தும் அவர் மனைவி சூடாமணியும் இருந்தார்கள். சௌராஷ்டிரக்காரர்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வெளியே நம் பாஷை. கோபம் வந்தால் மட்டும் வாசலில் நின்றும் அவர்கள் பாஷையிலேயே பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது என்பதில் எப்போதும் சின்ன வருத்தம் உண்டு.

புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வயர்லெஸ் கருவி செய்கிறவர்கள். பத்ரி ஒரு கம்பெனியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, டெல்லிக்கு எழுதி எழுதி லைசென்ஸ் வாங்கி, கூடத்தையே பட்டறையாக்கிவிட்டார். எந்நேரமும் ஈயம் உருகும் வாசம் மாடிக்கு வரும். பற்றவைப்பது, பெட்டி கட்டுவது, அலைவது எல்லாம் அவர். கணக்கு மட்டும் சூடாமணியுடையது. பிசிக்ஸ் படித்த பெண். எந்தக் கம்பி எத்தனை சுற்று, எந்தக் குழாய் எத்தனை அங்குலம் என்று லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதுவாள். அவள் சொன்ன அளவில் பத்ரி கால் அங்குலம் கூட்டிக் குறைத்தால் அன்றைக்கு ரசம் வைக்க மாட்டாள்.

எனக்கு அவர்கள்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது உண்மை. நான் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் காமெண்டரியை வைத்துக்கொண்டு உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் கீழே சோதனை நடக்கும். கடைசி ஓவரில் பத்ரியின் குரல் என் டிரான்சிஸ்டரில், "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?" என்று கேட்கும். "கேக்குதுய்யா, நல்லாக் கேக்குது! அவுட்டா இல்லையாங்கிறதுதான் கேக்கல" என்று மாடிப்படியில் நின்று கத்துவேன்.

அடுத்த தெருவில் டாக்டர் சோலையம்மாளின் கிளினிக். செக்கானூரணி, கருமாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிரசவ கேஸ் பார்க்க அந்தம்மாவின் வேன் தினமும் போகும். டிரங்க் கால் போட்டால் சாயங்காலம் கிடைக்கிற காலம். வேனுக்கும் கிளினிக்குக்கும் பேச வயர்லெஸ் வேண்டும் என்று பத்ரியிடம் கேட்டார். செய்து கொடுத்தார்கள். பேசவும் செய்தது. ஆனால் பக்கத்துக் கட்டடத்து மாடியில் ஒரு ஆபீஸின் வயர்லெஸ் கம்பம் ஆளுயரத்துக்கு ஆறு மடங்கு நின்றது. அவர்கள் பேச ஆரம்பித்தால் நம் கருவிக்குக் காது அடைத்துவிடும்.

"அவுங்க மேல குத்தமில்லண்ணே" என்றாள் சூடாமணி. "அவுங்களுக்கு குடுத்த அலையிலதான் அவுங்க பேசுறாங்க. நம்ம வேன் பதினஞ்சு மைலுக்கு அங்கிட்டு இருந்து முனகுது. இவுங்க காதுக்குப் பக்கத்துல நின்னு கத்துறாங்க. முனகுறதை மட்டும் உள்ள விட்டுட்டு, கத்துறதை வாசல்லயே நிப்பாட்டணும். அதுக்கு ஒரு ஃபில்டர் கட்டணும்."

"கட்டு. யாரு வேணாம்னா?" என்றேன்.

"நல்ல அகலமான பித்தளை உருளை வேணும். நடுவுல ஒரு குழாய் நிக்கணும். அதுதான் கிடைக்கல."

ஒரு வாரம் கழித்து அது கிடைத்தது. எங்கே தெரியுமா, அவள் குளியலறையிலேயே. கல்யாணச் சீராக வந்த வெந்நீர் பாய்லர். வெளியே பித்தளை உருளை, நடுவில் கரி போடும் குழாய். "குளிக்கப் போனவ இஞ்சு டேப்பத் தேடிக்கிட்டு வெளிய வர்றாண்ணே! தலையில எண்ணெய் வழியுது" என்று பத்ரி என்னிடம் வந்து சொன்னார். வெளியுருளைக்கும் உள்குழாய்க்கும் உள்ள விகிதம் அவள் கணக்கில் எழுதி வைத்திருந்ததற்கு ஏறக்குறைய ஒத்துப்போனதாம். அவனியாபுரத்தில் லேத் வைத்திருக்கும் விருமாண்டியிடம் கொண்டுபோனார்கள். உள்குழாயின் தலையை நாலு விரல் வெட்டி, மூடி போட்டு அடைத்து, தண்ணீர் பிடிக்கும் திருகைக் கழற்றி அந்தத் துளையை ஈயம் வைத்து மூடி, மேலே கனமான தட்டு மூடியில் கேபிள் சொருகும் மூக்குகள் வைத்தான். உள்ளே வெள்ளி முலாம். உள்குழாயின் உயரம்தான் அதற்குச் சுருதி. ஒரு மயிரிழை மாறினாலும் வேறு அலைக்குப் போய்விடும் என்பாள் சூடாமணி.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பானையில்தான் வெந்நீர். பத்ரி என் காதுபட, "தீவாளிக்குள்ள புது பாய்லர் வாங்கிருவோம்" என்று சொன்னார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து நியாயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஃபில்டரைக் கிளினிக் மொட்டை மாடியில், கம்பத்தடியில் ஒரு தகரக் கூண்டுக்குள் வைத்தார்கள். காலையில் கணீரென்று கேட்டது. டாக்டரம்மா எல்லோருக்கும் சேமியா பாயசம் கொடுத்தார். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்துக்கு மறுபடியும் கணீர். மறுநாளும் அப்படியே. அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. மதுரை வெயில் மண்டையைப் பிளந்தது.

கருவிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சூட்டில் சோர்ந்துபோகின்றன என்று பத்ரி நினைத்தார். கருவிக்கு டேபிள் ஃபேன் வைத்தார். ஈரச்சாக்கு போட்டார். அசையவில்லை. ஃபில்டரைத் தினமும் சாயங்காலம் கழற்றிக் கொண்டுவந்து, கூடத்தில் ஃபேனுக்கடியில் வைத்து சிக்னல் ஜெனரேட்டரில் சோதிப்பார்கள். சரியான அலையில் மீட்டர் முள் எழுந்து நிற்கும். "இதுல ஒண்ணுமில்ல. வெறும் பித்தளை. இது என்னத்தக் கெடப் போகுது?" என்று மறுபடி ஏற்றிவிடுவார்கள். இப்படி மூன்று வாரம் ஓடியது.

ஒருநாள் டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"நேத்து மத்தியானம் கருமாத்தூர்ல இருந்து டிரைவரு தொண்டை கிழியக் கூப்புட்டிருக்கான். இங்க கொர்ர்ருங்குது. நான் இருக்கேனான்னு தெரியாம அவன் வேற ஆஸ்பத்திரியத் தேடி ஓடியிருக்கான். ஏதோ சாமி புண்ணியம், தாயும் பிள்ளையும் தப்பிச்சிருச்சு. காலையிலயும் சாயங்காலமும் மட்டும்தான் பிள்ளை பொறக்குமா பத்ரி?"

பத்ரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"தீவாளிக்கு மறுநாள் ஒரு நாள் தர்றேன். காலையில எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், கூப்புடுறப்பெல்லாம் கேக்கணும். ஒரு வாட்டி தவறினாலும் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு உங்க மேல பிரியம்தான். ஆனா இது உசுரு சமாச்சாரம்."

அவர் போனபின் சூடாமணி உள்ளே போய் ஒரு இன்லண்ட் லெட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெங்களூரில் இருக்கும் பத்ரியின் அண்ணன் எழுதியது. அங்கே ஒரு பெரிய ஃபேக்டரியில் பத்ரிக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"நல்ல வேலதானம்மா" என்றேன்.

"அவருக்கு நல்ல வேலை. எனக்கு?" என்றாள். "அங்க கணக்குப் போட நூறு எஞ்சினியர் இருப்பான். நான் சோறாக்கி வச்சுட்டு ஜன்னல்ல நிக்கணும். இந்த ஒண்ணு மட்டும் நல்லபடியாக் கேட்டுச்சுன்னா நாலு எடத்துல இருந்து ஆளு வருவாங்கண்ணே. நாங்க இங்கயே இருந்துருவோம். கேக்கலைன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

பத்ரிக்கும் போக மனசில்லை என்பது அவர் ஈயக் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதிலேயே தெரிந்தது.

இப்போது தீபாவளிக்கு வருகிறேன். வருஷா வருஷம் தீபாவளி விடிகாலையில் கீழ் வீட்டுப் பாய்லரில்தான் ரெண்டு வீட்டுக்கும் வெந்நீர். யார் முதலில் எழுந்தாலும் மூட்டிவிடுவது வழக்கம். அன்றைக்கு நாலரைக்கே சின்னத்தாய் என்னை எழுப்பி, உச்சந்தலையில் நல்லெண்ணெயை அப்பிவிட்டாள். "பிள்ளைக எண்ணெயோட நிக்குதுக. வெந்நிக்கு வழி பண்ணுங்க. நின்னுக்கிட்டே தூங்காதீக!" கண்ணில் எண்ணெய் வழிய இறங்கி வந்தேன்.

கொல்லையில், கிணற்றடிப் பக்கம் மூன்று செங்கல்மேல் ஒரு பாய்லர் உட்கார்ந்திருந்தது. புளி போட்டுத் துலக்கிய பித்தளை அரை இருட்டிலும் மினுங்கியது. ஆகா, சொன்னபடி புதுசு வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாடிக் கூண்டிலும் கூடத்து மேஜையிலும் கேபிளும் களிம்பு பிடித்த உடம்புமாகத்தான் ஃபில்டரை நான் பார்த்திருக்கிறேன். முதல்நாள் சூடாமணி அதைப் பிரித்து, மூடியைக் கழற்றி, வெளியே புளி போட்டுக் கழுவிச் செங்கல்மேல் காயவைத்தது எனக்கு என்ன தெரியும்? கரி போடும் குழாய் அடைத்திருந்தது. தண்ணீர் பிடிக்கத் திருகு இல்லை. "என்ன கண்றாவி மாடலோ, காச மட்டும் வாங்கிப்புடுறான்" என்று கடைக்காரனைத் திட்டினேன். சரி, மொண்டு குளித்தால் போகிறது என்று நாலு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றி, அடியில் தென்னம்பாளையைச் சொருகித் தீ மூட்டிவிட்டேன்.

தண்ணீர் நன்றாகத்தான் சுட்டது. அதையும் சொல்ல வேண்டும். என் பிள்ளைகள் இரண்டும் குளித்துவிட்டன. மூன்றாவதாக நான் மொள்ளக் குனிந்தபோது பின்கதவு திறந்தது.

சூடாமணி கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். கிண்ணம் கீழே விழுந்தது. அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பத்ரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே... என்னண்ணே பண்ணிட்டீங்க?"

"ஏன்? உங்களுக்கும் தண்ணி கெடக்கு. தாராளமாக் குளிக்கலாம்."

"அது ஃபில்டருண்ணே!"

என் தலையிலிருந்து எண்ணெயோடு என்னென்னவோ இறங்கியது. "புதுசு வாங்குறேன்னு சொன்னீகளே!" என்று குழறினேன்.

"எங்கண்ணே வாங்குனோம்?" என்றார் பத்ரி. "இருக்கப்போற வீடான்னே தெரியல, அம்புட்டுக் கனத்தை வாங்கி எந்த ஊருக்குத் தூக்குறதுன்னு இவதான் வேண்டாம்னுட்டா."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சின்னத்தாய், "ஆத்தாடி, நாளைக்கு டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டிய சாமானையா அவிச்சு வச்சிருக்கீக? நல்ல நாளும் அதுவுமா இப்படிக் குடியக் கெடுத்துப்புட்டீகளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு குடும்பத்தைப் பெங்களூருக்கு ஏற்றிவிட்டேனே என்று இருந்தது.

சூடாமணி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. ஈரச்சாக்கால் இரண்டு பக்கமும் பிடித்து, பாய்லரைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். "ஈயம் விட்டிருக்கான்னு பாப்போம். சூட்டோடயே கொண்டாங்க" என்றாள். துடைத்து, மூடியைப் போட்டுத் திருகி, கூடத்து மேஜையில் வைத்து சிக்னல் ஜெனரேட்டரை இணைத்தார்கள். நான் வாசற்படியில் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்திருந்தேன். தெருவில் வெடி ஆரம்பித்துவிட்டது.

"போச்சு" என்றார் பத்ரி. "முள்ளே எந்திரிக்கல."

"இருங்க." அவள் குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டு போனாள். "இந்தா, இங்க எந்திரிக்குது. கீழ தள்ளி நிக்குது. ஒண்ணும் ஒடையல. சுருதிதான் எறங்கியிருக்கு."

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் காலண்டர் தாளில் எழுதினாள். சூடு ஆற ஆற முள் எழும் இடம் பழைய இடத்துக்கு நகர்ந்து வந்தது. ஏழு மணிக்குப் பாய்லர் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபோது, கிட்டத்தட்ட சரியான இடத்தில் நின்றது.

சூடாமணி பென்சிலைக் கீழே போட்டாள். "சூட்டுல குழாய் நீளுதுங்க! மொட்டமாடித் தகரக் கூண்டுல மத்தியானம் அது வெந்துக்கிட்டு இருக்கு. சாயங்காலம் எறக்கிக் கொண்டாந்து, ஃபேனுக்கடியில ஆற வச்சு, நல்லாருக்கு நல்லாருக்குன்னு பாத்துட்டு இருந்திருக்கோம். மூணு வாரமா!" சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நல்லகாமண்ணே, நீங்க மட்டும் தீ வைக்கலைன்னா நாங்க பெங்களூருக்கே போயிருந்தாலும் இது தெரிஞ்சிருக்காது."

வியாதி தெரிந்துவிட்டது. மருந்துக்கு ஒரு பகலும் ஒரு சாயங்காலமும்தான் மிச்சம். சூட்டுக்கு நீளாத உலோகம் ஒன்று இருக்கிறதாம், மதுரையில் எங்கே கிடைக்கும் அது? அதுவும் தீபாவளி அன்றைக்கு. ஒருவழியாகக் குளித்துவிட்டு, பத்ரியின் ஸ்கூட்டரில் பின்னால் பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவனியாபுரம் போனேன். சூடாமணி பின்னாலேயே பஸ்ஸில் வந்தாள்.

விருமாண்டி இட்லியும் கறிக்குழம்புமாக உட்கார்ந்திருந்தான். எனக்குச் சொந்தக்காரன்.

"வா மாப்ள! பத்ரி சார், வாங்க. ஏலே, சாருக்குச் சட்னி மட்டும் வச்சு இட்லி கொண்டாங்க. என்னத்தப்பா நல்ல நாள்ல பாய்லரத் தூக்கிட்டு வாரீக?"

நடந்ததைச் சொன்னோம். என் பங்கைக் கொஞ்சம் சுருக்கித்தான் சொன்னேன். பத்ரி விரித்துவிட்டார். விருமாண்டி புரையேறும்வரை சிரித்தான்.

"இன்னைக்கு லேத்தத் தொட மாட்டேன். மாலை போட்டுப் பொட்டு வச்சிருக்கேன், பாத்தீகல்ல?" என்றான் கையைக் கழுவிக்கொண்டே. பிறகு பாய்லரைத் தட்டிப் பார்த்தான். "சூட்டுல நீளுதுன்னா நீளத்தான் செய்யும். வண்டிச் சக்கரத்துக்கு எப்படி இரும்புப் பட்டா மாட்டுறோம்? பட்டாவ நெருப்புல போட்டா அது விரியும். மரச் சக்கரத்துல தட்டி ஏத்தித் தண்ணிய ஊத்துனா கவ்விப் பிடிச்சுக்கிரும். இரும்புதானே விரியுது, மரம் எங்க விரியுது?"

சூடாமணி அப்போதுதான் உள்ளே வந்தாள். "அண்ணே, திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"இரும்பு விரியும், மரம் விரியாதுன்னேன்."

"விரியும். ஆனா ரொம்பக் கொஞ்சம்." அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, காலண்டர் தாளை விரித்தாள். உள்குழாயை இன்னும் கொஞ்சம் வெட்டி, அதன் தலையில் ஒரு பித்தளைக் குல்லாவை வழுக்கி ஏறி இறங்கும்படி போட வேண்டும். அந்தக் குல்லாவை அடித்தட்டிலிருந்து ஒரு மரக்கம்பு தாங்க வேண்டும். சூட்டில் பித்தளை எத்தனை நீண்டாலும், குல்லா கம்பின் உயரத்தில்தான் நிற்கும். சுருதி நகராது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நல்லாக் காஞ்ச மரமா வேணும்ண்ணே. ஈரத்துக்கு ஊதக் கூடாது."

விருமாண்டி லேத்தைப் பார்த்தான். லேத்துக்குப் போட்டிருந்த செவ்வந்தி மாலையைப் பார்த்தான். "எங்கப்பாவோட நுகத்தடி ஒண்ணு பரண்ல கெடக்கு. இருவது வருசமாப் பொகையில காயுது. மெழுகுல போட்டுக் காச்சிட்டா ஈரம் ஏறாது" என்றபடி எழுந்துபோய், மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஆணியில் மாட்டினான். "நம்மூருப் பொம்பளைகளுக்குப் பிரசவம் பாக்குற வண்டிக்கு. சாமி ஒண்ணும் சொல்லாது."

சாயங்காலம் ஐந்துக்குக் கடைசல் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் சூடாமணி ஒரு அண்டாவைக் காட்டினாள். "வெந்நி வைக்கணும்ண்ணே. இதை அதுக்குள்ள கழுத்தளவு நிப்பாட்டி, சூட்டுலயே சோதிக்கணும். உங்களை விட்டா யாருக்கு நல்லா வைக்க வரும்?" சின்னத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தென்னம்பாளையைத் தேடிப் போனேன். அரைமணி நேரம் வெந்நீரில் நின்ற பிறகும் முள் எழும் இடம் துளிகூட அசையவில்லை. அன்றைக்குச் சூடாமணி வைத்த ரசம் மாடிவரை மணத்தது.

மறுநாள் நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, பத்ரியோடு வேனில் ஏறினேன். செய்த பாவத்துக்கு அதுதான் பரிகாரம். சூடாமணி கிளினிக்கில், டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எட்டுக்கும் கேட்டது, பத்துக்கும் கேட்டது. அது எப்போதும் கேட்பதுதான். பதினொன்றரைக்கு செக்கானூரணியைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, சூடாமணி கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். பத்ரி தன் பங்கை டிரைவர் பக்கம் தள்ளிவிட்டார். ரோட்டில் தார் இளகி டயரில் ஒட்டியது. கிளினிக் மாடியில் அந்தத் தகரக் கூண்டு இப்போது என்ன கொதி கொதிக்கும் என்றுதான் எனக்கு நினைப்பு.

பன்னிரண்டே முக்கால். பக்கத்துக் கம்பம் பேசும் நேரமும் அதுதான். பத்ரி மைக்கை எடுத்தார். "வேன் கூப்புடுது. கேக்குதா? ஓவர்."

ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். டிரைவர் பீடியை எறிந்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"கேக்குது, கேக்குது" என்றது டாக்டரம்மாவின் குரல், பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி. "பேஷண்ட் வந்துட்டாங்க, அதான் லேட்டு. கருமாத்தூர்ல ஒருத்திக்கு வலி கண்டிருக்காம், ஆளு வந்து நிக்கிறான். அப்படியே போய் ஏத்திட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன். ஓவர்."

பத்ரி மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்புறம் நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

கருமாத்தூரில் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் அவள் மாமியார் மைக்கிலேயே டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். நாகமலையைத் தாண்டும்போது சூடாமணியின் குரல் வந்தது. அவர்கள் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். பத்ரி முதலில் திகைத்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"என்னய்யா சொல்லுது தங்கச்சி? நமக்கும் சொல்லேன்" என்றேன்.

"பொண்ணைக் கிளினிக்குல விட்டுட்டு, ஆறு மணிக்கு மேல வீட்டுக்கு வர்ற வழியில பாத்திரக் கடையில எறங்கச் சொல்றாண்ணே. நல்ல கனமான பாய்லரா ஒண்ணு வாங்கணுமாம்." பத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திருகு இருக்கான்னு பாத்து வாங்கச் சொன்னா. நீங்க கூட இருக்கீங்கல்ல, அதுக்காக."